வீட்டுக்காரருக்கு டிசபிலிட்டி வருது, எனக்கு ஏதாவது உண்டா?

போன இதழ்ல அமெரிக்க அரசாங்கத்தோட சோஷியல் செக்யூரிட்டி (வேலை பார்த்து வரி கட்டினவங்களுக்கும் குடும்பத்துக்கும் வர்ற மாசப் பணம்) பத்தி சும்மா நாலு வரிதான் எழுதினேன், அதுக்கு வந்த கடிதங்கள்ல பாதிக்கு மேல ஒரே விஷயம். வீட்ல ஒருத்தருக்கு உடம்பு முடியாம டிசபிலிட்டி பணம் வருது, இன்னொருத்தருக்கு வயசாகுது, அவங்களுக்குன்னு ஏதாவது கிடைக்குமான்னு கேட்டிருந்தீங்க. அதனால இந்த தடவை வேற எதையும் தொடல. இதுல வர்ற டாலர் கணக்கு எல்லாம் 2025ம் வருஷத்துது.

கேள்வி: அக்கா, நாங்க எடிசன்ல 26 வருஷமா இருக்கோம். என் வீட்டுக்காரருக்கு 64 வயசு, மூணு வருஷம் முன்னாடி பக்கவாதம் வந்து வலது பக்கம் சரியா வேலை செய்யல, டிசபிலிட்டி சாங்ஷன் ஆகி மாசம் பேங்க்ல 2,215 டாலர் விழுது. எனக்கு வர்ற செப்டம்பர்ல 62 முடியுது. நான் லேட்டாதான் வேலைக்குப் போனேன், ஒரு டேகேர்ல பார்ட் டைம், வருஷத்துக்கு 18,000 வரும், சொந்த ரிடையர்மெண்டுக்கு 40 கிரெடிட் (வேலை பார்த்து வரி கட்டக் கட்டச் சேர்ற புள்ளி) வேணுமாம், என் பேர்ல 31தான் இருக்கு. மனைவிக்குன்னு பாதி தருவாங்கன்னு கேள்விப்பட்டேன், ஆனா இவர் ஃப்ரெண்டு ஒருத்தர் "நீங்க அப்ளை பண்ணா அண்ணனுக்கு வர்றதுல பாதியை வெட்டி உங்களுக்குக் குடுப்பாங்க, மொத்தத்துல ஒண்ணும் கூடாது"ன்னு சொல்லிட்டார். அந்தப் பயத்துல பேசாம இருக்கேன். என்ன பண்ணட்டும்?
— வாசகி, எடிசன், நியூஜெர்சி

பதில்: அம்மா, முதல்ல அந்தப் பயத்தை விடுங்க. உங்களுக்கு வர்ற பணத்துக்காக அவரோட செக்குல ஒரு சென்ட் கூட குறையாது. இது அவர் இத்தனை வருஷம் கட்டின வரியில மனைவிக்குன்னு சட்டம் தனியா வச்சிருக்கிற பங்கு. ரிடையர்மெண்ட் வாங்குறவர் மனைவிக்கு என்ன உரிமையோ, டிசபிலிட்டி வாங்குறவர் மனைவிக்கும் அதேதான், அவர் 67 வரைக்கும் நீங்க காத்திருக்கணும்னு அவசியமே இல்ல. கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகியிருக்கணும், உங்களுக்கு 62 முடிஞ்சிருக்கணும், அவ்வளவுதான்.

போன வருஷம் பிரிட்ஜ்வாட்டர் கோவில் கேன்டீன்ல ஒரு அம்மா என்னைப் பார்த்து பக்கத்துல வந்து உக்காந்தாங்க, மஞ்சப்பையில இருந்து ரப்பர் பேண்ட் போட்ட கடிதக் கட்டை எடுத்தாங்க, அஞ்சு வருஷத்துக் கடிதம், ஒண்ணு கூட தூக்கிப் போடல, ஒண்ணு கூட முழுசா படிக்கவும் இல்ல. ஒவ்வொண்ணு மேலயும் தமிழ்ல தேதி எழுதி வச்சிருந்தாங்க. உங்களை மாதிரியேதான், அவருக்குக் குறைஞ்சிடுமோன்னு பயந்து 66 வயசு வரைக்கும் அப்ளை பண்ணவே இல்ல. அவங்க தட்டுல புளியோதரை ஆறிப் போச்சு, நாங்க ரெண்டு பேரும் கணக்கு போட்டுக்கிட்டே இருந்தோம். அந்த நாலு வருஷத்தை நினைச்சா எனக்கு இன்னும் மனசு ஆறல, அதனாலதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

இப்ப உங்க கணக்குக்கு வருவோம். பேங்க்ல விழுற 2,215ல பாதின்னு நினைக்காதீங்க. அவருக்கு மெடிகேர் (அரசாங்க மருத்துவக் காப்பீடு) வந்திருக்கும், அதுல டாக்டர் செலவுக்கான பார்ட் பி பிரீமியம் 185 டாலரைப் புடிச்சிட்டுதான் மீதியை போடுறாங்க, வேற பிடித்தம் எதுவும் இல்லன்னா அவரோட உண்மையான தொகை 2,400. டிசம்பர் வாக்குல வருஷா வருஷம் ஒரு கடிதம் வரும் பாருங்க, அடுத்த வருஷம் உங்க தொகை இவ்வளவுன்னு, அதுல பிடித்தத்துக்கு முன்னாடி இருக்கிற எண்ணைத்தான் எடுத்துக்கணும். அதுல பாதி 1,200. ஆனா அந்த முழுப் பாதி உங்க 67 வயசுலதான், ஏன்னா 1960லயும் அதுக்கு அப்புறமும் பிறந்தவங்களுக்கு முழு ரிடையர்மெண்ட் வயசு 67. முன்னாடியே வாங்குனா ஒவ்வொரு மாசத்துக்கும் கொஞ்சம் வெட்டுவாங்க. 62ல வாங்குனா ஏறக்குறைய 780, 63ல 840, 64ல 900, 65ல 1,000, 66ல 1,100. ஒரு தடவை வெட்டினா அந்த வெட்டு பின்னாடியும் தொடரும், 67 ஆனதும் தானா 1,200க்கு ஏறிடாது. அதே மாதிரி 67க்கு மேல காத்திருந்தாலும் மனைவி பங்கு கூடாது, 70 வரை காத்திருந்தா கூடும்னு சொல்றது அவங்கவங்க சொந்த ரிடையர்மெண்டுக்கு மட்டும்தான், இதைக் குழப்பிக்கிட்டு சும்மா மூணு வருஷம் விட்டவங்களும் இருக்காங்க.

சரி, 62லயா 67லயா? வெறும் எண்ணை மட்டும் பார்த்தா, 62ல இருந்து 67 வரைக்கும் 780 வீதம் வாங்குனா 46,800 டாலர் கையில வந்திருக்கும், 67ல வாங்குறவங்களுக்கு மாசம் 420 கூட வருது, அந்த 46,800ஐ எட்டிப் பிடிக்க அவங்களுக்கு 9 வருஷத்துக்கு மேல ஆகும், அதாவது உங்க 76 வயசு தாண்டணும். எல்லாரும் இந்தக் கணக்கோட நிறுத்திடுவாங்க. ஆனா இதுக்குள்ள ஒரு விஷயம் இருக்கு, எழுத எனக்கே கை வரல, இருந்தாலும் சொல்லாம விட்டா உங்களுக்கு நான் செய்யுற துரோகம். மனைவி பங்குங்கிறது நீங்க ரெண்டு பேரும் இருக்கிற வரைக்கும்தான் வரும். அவர் உங்களுக்கு முன்னாடி போயிட்டா அது நின்னு, அதுக்குப் பதிலா விதவைப் பங்குன்னு வேற ஒண்ணு வரும். அப்ப உங்களுக்கு 67 முடிஞ்சிருந்தா அவர் வாங்கிட்டிருந்த முழுத் தொகையும், பாதி இல்லம்மா, முழுசும் உங்களுக்கு. 67க்கு முன்னாடி வாங்குனா அதுலயும் வயசுக்கேத்த மாதிரி குறைப்பாங்க. மனைவி பங்கை 62லயே வாங்கினதுக்காக அந்த விதவைப் பங்குல வெட்ட மாட்டாங்க, ரெண்டும் தனித்தனி கணக்கு.

அதனால வீட்டுக்காரர் திடமா இருக்கிற வீட்ல "பொறு, 67ல முழுசா வாங்கு"ன்னு சொல்றது வேற, உடம்பு முடியாம இருக்கிறவர் வீட்ல அதையே சொல்றது வேற. அந்தக் கூடுதல் 420 டாலரை அனுபவிக்க நீங்க 76 தாண்டினா மட்டும் போதாது, அவரும் கூட இருக்கணும். உங்க வீட்டு நிலைமையில, பிசியோதெரபிக்கும் மருந்துக்கும் இப்ப காசு இழுக்குதுன்னா 62லயே வாங்குறதுல ஒரு தப்பும் இல்லன்னுதான் நான் சொல்வேன். அவர் நல்லா தேறி வர்றார், சேமிப்பும் இருக்கு, இப்ப அவசரம் இல்லன்னா ரெண்டு மூணு வருஷம் தள்ளிப் போடுங்க. முடிவு உங்க ரெண்டு பேரோடது, ஃப்ரெண்டோடது இல்ல.

உங்க வேலையை விட வேண்டாம். 67க்கு முன்னாடி பெனிஃபிட் வாங்கிக்கிட்டே வேலை பார்த்தா வருஷத்துக்கு 23,400 வரைக்கும் தொட மாட்டாங்க, அதுக்கு மேல போனா ஒவ்வொரு 2 டாலருக்கும் 1 டாலர் நிறுத்தி வைப்பாங்க. நீங்க 18,000ல இருக்கீங்க, பிரச்சனை இல்ல. வேலை பார்த்துட்டே இருந்தா இன்னும் ரெண்டே கால் வருஷத்துல 40 கிரெடிட் ஆகிடும், சொந்தமா ஒரு சின்னத் தொகை வரும், ஆனா அது இந்தப் பங்கு மேல தனியா வந்து ஏறாது, இதுக்குள்ளயே அடங்கிடும். மெடிகேர் மட்டும் உங்களுக்கு 65லதான், அவருக்கு இருக்கேன்னு உங்களுக்கு இப்பவே வராது.

இன்னொண்ணு. யாராவது அவரை "டிசபிலிட்டியை விட்டுட்டு ரிடையர்மெண்டுக்கு மாத்திக்கோங்க"ன்னு சொன்னா காதுல வாங்காதீங்க. டிசபிலிட்டியில வயசு வெட்டு கிடையாது, 67ல வரவேண்டிய முழுத் தொகையே இப்ப வந்துட்டிருக்கு. 67 ஆனதும் அவங்களே அதை ரிடையர்மெண்ட்னு பேர் மாத்திடுவாங்க, தொகை அப்படியே இருக்கும், நீங்க ஒரு ஃபாரமும் நிரப்ப வேண்டாம்.

அப்ளை பண்றதை நாலு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கலாம். 62 முழுசா முடிஞ்ச மாசத்துல இருந்துதான் கணக்கு, அதனால பெரும்பாலானவங்களுக்கு பிறந்த மாசத்துக்கு அடுத்த மாசம். வாங்க ஆரம்பிச்ச பிறகு ஐயோ அவசரப்பட்டுட்டோமேன்னு தோணுனா 12 மாசத்துக்குள்ள அப்ளிகேஷனை வாபஸ் வாங்கலாம், ஆனா வாங்கினது எல்லாத்தையும் திருப்பிக் கட்டணும், அதையும் மனசுல வச்சுக்கோங்க.

கேள்வி: என் கணவருக்கு 47, கிட்னி ஃபெயிலியர், டயாலிசிஸ்ல இருக்கார், டிசபிலிட்டி 2,000 டாலர். எனக்கு 42தான், ஆபீஸ் வேலை, சம்பளம் 60,000 கிட்ட. பசங்க 14, 9. எனக்கு 62 ஆக இன்னும் இருபது வருஷம் இருக்கே, அது வரைக்கும் ஒண்ணும் கிடையாதா?
— வாசகி, டாலஸ்

பதில்: இருக்கும்மா. 16 வயசுக்குக் கீழ உள்ள அவரோட குழந்தையை நீங்க வளர்க்கிறீங்கன்னா உங்களுக்கு எந்த வயசா இருந்தாலும் மனைவி பங்குக்கு உரிமை உண்டு, வயசு வெட்டும் இல்ல. பசங்களுக்கும் தனித்தனியா 18 வயசு வரைக்கும் உண்டு, ஹைஸ்கூல்ல படிச்சிட்டிருந்தா 19 வரைக்கும்.

ஆனா டிசபிலிட்டியில குடும்பத்துக்கு மொத்தம் இவ்வளவுதான்னு ஒரு மூடி போட்டிருக்காங்க, எவ்வளவு நல்லா சம்பாதிச்சிருந்தாலும் அவரோட தொகையில ஒண்ணரை மடங்கைத் தாண்டாது, சில பேருக்கு அதை விடவும் கம்மி. உங்க வீட்ல அதிகபட்சம் 3,000. அவரோட 2,000 அப்படியே இருக்கும், மீதி 1,000ஐத்தான் மத்தவங்க பிரிச்சுக்கணும். ரெண்டு பசங்க மட்டும்னா ஆளுக்கு 500, நீங்களும் சேர்ந்தா ஆளுக்கு 333. அதாவது நீங்க சேர்றதால வீட்டுக்குள்ள வர்ற மொத்தம் கூடாது, பங்குதான் சின்னதாகும். அதோட உங்க சம்பளம் 60,000ன்னா அந்த 23,400 வரம்பு உங்க பங்கை முழுசா அடிச்சிடும். அதனால நீங்க செய்ய வேண்டியது பசங்களுக்கு உடனே அப்ளை பண்றது, இன்னைக்கு பண்ணலாம்னா இன்னைக்கே பண்ணுங்க. பெரியவனுக்கு வயசு தாண்டினதும் அவன் பங்கு தம்பிக்குப் போகும், மூடிக்குள்ள இடம் இருக்கிற வரைக்கும்.

நாளைக்கு அவரைப் பாத்துக்க நீங்க வேலையை விட வேண்டி வந்தா அப்ப உங்க பங்கைப் பத்தி திரும்ப யோசிக்கலாம். சின்னவனுக்கு 16 ஆனதும் உங்க பங்கு நின்னுடும், அப்புறம் 62லதான் திரும்ப. நடுவுல வர்ற அந்த வருஷங்களை நம்பி எந்த லோனும் எடுத்துடாதீங்க.

கேள்வி: நான் 1999ல இருந்து வேலை பாக்குறேன், எனக்கே ரிடையர்மெண்ட் உண்டு, 67ல 900 டாலர்னு ஸ்டேட்மெண்ட்ல போட்டிருக்கு. கணவர் டிசபிலிட்டியில 2,400 வாங்குறார். முதல்ல அவர் பங்கை வாங்கிக்கிட்டு என்னோடதை 70 வரைக்கும் வளர விடலாம்னு ஒரு வீடியோல பார்த்தேன், சரிதானா?
— வாசகி, சான் ஹோசே

பதில்: அந்த வழியை 2015ல வந்த சட்டம் மூடிடுச்சு. 1954 ஜனவரி 2லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க ஒண்ணுக்கு அப்ளை பண்ணா ரெண்டுக்கும் அப்ளை பண்ணதாத்தான் எடுத்துப்பாங்க. பழைய வீடியோ இன்னும் சுத்திட்டிருக்கு, தேதி பார்க்காம நம்பாதீங்க.

உங்களுக்கு எப்படி வரும்னா, அவர் தொகையில பாதி 1,200, உங்களோடது 900, வித்தியாசம் 300. 67ல உங்க 900 மேல அந்த 300 வந்து சேரும், மொத்தம் 1,200. 62லயே வாங்குனா உங்களோடது 630 ஆகும், அந்த 300ம் 195 ஆகும், மொத்தம் 825. 900மும் 1,200ம் சேர்த்து 2,100 வரும்னு சில பேர் மனக்கணக்கு போட்டு வச்சிருக்காங்க, அப்படி வராது.

கேள்வி: எங்க கல்யாணம் 1996 ஜூன்ல காரைக்குடியில கோவில்ல நடந்தது. 2007 பிப்ரவரியில அமெரிக்காவுல விவாகரத்து ஆச்சு. நான் மறுபடி கல்யாணம் பண்ணிக்கல, எனக்கு 63. அவர் இப்ப டிசபிலிட்டியில இருக்கார்னு பையன் சொன்னான், அவருக்கு வேற குடும்பம் இருக்கு. அவர்கிட்ட போய் நிக்க எனக்கு இஷ்டம் இல்ல.
— பெயர் வேண்டாம், அட்லாண்டா

பதில்: நிக்கவே வேண்டாம். கல்யாணம் 10 வருஷம் நீடிச்சிருந்தா முன்னாள் மனைவிக்கும் இந்தப் பங்கு உண்டு, உங்களுது பத்தரை வருஷம் தாண்டியிருக்கு. கடைசி தீர்ப்பு தேதிதான் கணக்கு, பிரிஞ்சு இருக்க ஆரம்பிச்ச தேதி இல்ல, அந்தத் தீர்ப்புக் காகிதத்தைத் தேடி எடுத்து வச்சுக்கோங்க. அவரோட சம்மதம் தேவையில்ல, கையெழுத்து தேவையில்ல. அவருக்கும் குறையாது, இப்ப இருக்கிற மனைவிக்கும் பசங்களுக்கும் குறையாது, உங்க பங்கு அந்தக் குடும்ப மூடிக்குள்ள வர்றதே இல்ல. யாரு சோத்துலயும் நீங்க மண்ணைப் போடல, தைரியமா கேளுங்க. உங்க சொந்த ரிடையர்மெண்ட் தொகை இதை விடப் பெருசா இருந்தா மட்டும் இதுல ஒண்ணும் சேராது, அதை முதல்ல பாத்துக்கோங்க.

ஒரே சிக்கல் கல்யாண அத்தாட்சி. தமிழ்நாட்டுல கல்யாணப் பதிவைக் கட்டாயமாக்கின சட்டமே 2009லதான் வந்துச்சு, அதுக்கு முன்னாடி கோவில்ல தாலி கட்டி பத்திரிகை, போட்டோவோட விட்டவங்கதான் நிறைய. நீங்க விசாவுக்காக அப்பவே ரிஜிஸ்டர் பண்ணியிருக்க வாய்ப்பு உண்டு, பழைய ஃபைலைப் பாருங்க. இல்லன்னா கோவில்ல குடுத்த ரசீது, சான்றிதழ் எது இருந்தாலும் எடுத்துட்டுப் போங்க, விவாகரத்துத் தீர்ப்புலயே கல்யாண தேதி எழுதியிருப்பாங்க, அதுவும் துணைக்கு வரும். அவரோட சோஷியல் செக்யூரிட்டி நம்பர் பழைய டாக்ஸ் ரிட்டர்ன்ல இருக்கும்.

கேள்வி: எங்க அப்பாவுக்கு எஸ்எஸ்ஐ வருது. அம்மாவுக்கு 66. அதுல அம்மாவுக்குப் பாதி கேட்கலாமா?
— வாசகர், சிகாகோ

பதில்: முடியாது தம்பி. மேல நாம பேசின டிசபிலிட்டி எல்லாம் எஸ்எஸ்டிஐ, அது வேற, எஸ்எஸ்ஐ வேற. முதலாவது வேலை பார்த்து வரி கட்டினவங்களுக்கு, அதுலதான் மனைவி பங்கு. எஸ்எஸ்ஐ வருமானமும் சொத்தும் இல்லாதவங்களுக்குத் தர்ற உதவி, அதுல துணைக்குன்னு பங்கு கிடையாது. அம்மாவுக்கு 65 தாண்டினதால அவங்களே தனியா எஸ்எஸ்ஐக்குத் தகுதியான்னு பார்க்கலாம், குடியுரிமை விஷயமும் பார்ப்பாங்க, தம்பதிக்குச் சேமிப்பு 3,000 டாலரைத் தாண்டக் கூடாது.

கேள்வி: நான் டிசபிலிட்டியில இருக்கேன், அமெரிக்க சிட்டிசன். மனைவி கிரீன் கார்டு, என் பேர்ல மனைவி பங்கு வாங்குறாங்க. ரெண்டு பேரும் கோயம்புத்தூர் போய் செட்டில் ஆயிடலாம்னு யோசனை.
— வாசகர், ராலே

பதில்: உங்க பணம் கோயம்புத்தூருக்கும் வரும் சார், சிட்டிசனுக்கு இந்தியாவுல இருக்கிறதால நிக்காது. மனைவி விஷயத்துல நிதானமா இருங்க. சிட்டிசன் இல்லாதவங்க தொடர்ந்து ஆறு மாசம் அமெரிக்காவுக்கு வெளிய இருந்தா பணத்தை நிறுத்துற விதி இருக்கு, அதுக்கு விதிவிலக்கும் இருக்கு, உங்க மனைவியா அவங்க அமெரிக்காவுல 5 வருஷம் இருந்திருக்காங்களான்னு பார்ப்பாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அவங்க கேஸை எடுத்துக் காட்டி எழுத்துல பதில் வாங்கிக்கோங்க, வாய்ல சொன்னதை நம்பி டிக்கெட் போடாதீங்க. அங்க போன பிறகு உயிரோட இருக்கீங்களா, வேலை பாக்குறீங்களான்னு கேட்டு ஒரு கேள்விப் படிவம் தபால்ல வரும், அதை நிரப்பி அனுப்பலன்னா பணம் நின்னுடும், அதனால விலாசத்தை மாத்தி வச்சுட்டுப் போங்க. மெடிகேர் அங்க ஆஸ்பத்திரி செலவுக்கு உதவாது. உங்களுக்கு மாசா மாசம் மருந்து எவ்வளவு ஆகுதுன்னு அங்க இருக்கிற ஒரு மெடிக்கல் ஷாப்ல விலை விசாரிச்சு, ஆஸ்பத்திரி செலவையும் சேர்த்து எழுதி வச்சுட்டு அப்புறம் வீடு பாருங்க.